தேம்ஸ் நதிக்கரையில் ஒரு கிராமமும் ஒரு பட்டினமும்: கெல்ம்ஸ்கொட், லெச்லேட் பற்றிய சமூக வரலாற்று நோக்கு

1

வில்லியம் மொறிஸ் 1890ஆம் ஆண்டில் 'கொமன்வீல்' என்னும் சோஷலிச வார இதழில் தொடராக எழுதிய 'எங்குமில்லா நாட்டுச் செய்திகள்' என்ற நவீனம், இங்கிலாந்தின் பாட்டாளி வர்க்கம் புரட்சியில் வெற்றிபெற்றுச் சில தலைமுறைகள் கழிந்தபின் நிலவக்கூடிய வர்க்கபேதமற்ற சமுதாயமொன்றைச் சித்திரிப்பதாகும். அதன் கதைசொல்லி இலண்டனின் மேற்குப் புறத்திலுள்ள ஹமர்ஸ்மித்தில் கண்விழிக்கிறான். தேம்ஸ் நதி வழியே படகில் மேல்நோக்கிப் பயணஞ்செய்து, ஈற்றில் ஆற்றங்கரையோரமாக நிற்கும் பழைய கல்வீடொன்றை வந்தடைகிறான். அவ்வீடு கற்பனையன்று. ஒக்ஸ்போட்ஷயரின் தென்மேற்கு மூலையிலுள்ள கெல்ம்ஸ்கொட் என்னும் சிறு கிராமத்தில் அது இன்றும் நிற்கின்றது. 1871 முதல் 1896இல் தாம் இறக்கும்வரை மொறிஸ் அதனைக் குத்தகைக்கு வைத்திருந்தார்.

இங்கு ஒரு வினா எழுகின்றது. மார்க்ஸின் 'மூலதன'த்தை 1883இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் வாயிலாகக் கற்றவர் மொறிஸ். தெருமுனைகளில் நின்று தொழிலாளரிடையே சோஷலிசப் பிரசாரம் செய்தவர். அத்தகைய ஒருவர் புரட்சியின் பயனைக் காட்டுவதற்கு மன்செஸ்டரையோ பேர்மிங்ஹாமையோ தெரிந்தெடுக்காது, ஆற்றங்கரை மூலையொன்றிற் கிடந்த கிராமத்தைத் தெரிந்தெடுத்தது ஏன்? எங்கெல்ஸ் தமது கடிதங்களில் அவரை உணர்ச்சிவயப்பட்ட சோஷலிஸ்ட் என்று குறிப்பிட்டார். பின்வந்த விமரிசகர் பலர் மொறிஸின் கிராமத்தைப் பழமை வழிபாடாகவும், யதார்த்தத்திலிருந்து ஒதுங்கும் புனைவாகவும் கொண்டனர். ஈ. பி. தொம்சன் 1955இல் வெளியிட்ட விரிவான ஆய்வு இக்கருத்தை வன்மையாக மறுத்தது. மொறிஸின் கற்பனாவாதம் மார்க்சியத்தோடு இணைந்து புதிய பண்பைப் பெற்றது என்பது தொம்சனின் முடிபு.

இவ்விவாதத்தை நாம் நூல்களிலிருந்து அன்றி ஊரிலிருந்து தொடங்க விரும்புகிறோம். கெல்ம்ஸ்கொட் எத்தகைய கிராமம், அதன் அயலிலுள்ள லெச்லேட் எத்தகைய பட்டினம், இரண்டையும் ஆறு எவ்வாறு இணைத்தது என்பவற்றை முதலில் நோக்கினால், மொறிஸ் எதைக் கண்டார், எதைக் காணாது விட்டார் என்பது தெளிவாகும்.

2

கொட்ஸ்வோல்ட் சுண்ணக்கற் குன்றுகளின் அடிவாரத்தில் ஊற்றெடுக்கும் தேம்ஸ், லெச்லேட்டை அணுகும்போதே படகுப் போக்குவரத்துக்கு ஏற்ற ஆறாகின்றது. வடக்கேயுள்ள குன்றுகளிலிருந்து கொல்ன், லீச் ஆகிய சிற்றாறுகளும் தெற்கிலிருந்து கோல் என்னும் சிற்றாறும் இப்பட்டினத்தின் அயலிலேயே அதனுடன் கலக்கின்றன. பட்டினத்தின் பெயரின் முற்பகுதியில் லீச் ஆற்றின் பெயர் உறைந்து கிடக்கின்றது. இவ்விடத்திற்குக் கீழே பள்ளத்தாக்கு அகன்று, களிமண் நிலமாக விரிகின்றது. மாரியில் ஆறு கரைபுரண்டு புற்றரைகளை மூடும். வெள்ளம் வடிந்தபின் எஞ்சும் வண்டலில் கோடையிலே செழித்த புல் விளையும். ஆதலால் குடியிருப்புகள் ஆற்றின் விளிம்பிலன்றி, வெள்ளம் எட்டாத சரளை மேடுகளிலேயே அமைந்தன. லெச்லேட்டுக்குக் கிழக்கே ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்தில், ஆற்றின் வடகரையில் அமைந்த கெல்ம்ஸ்கொட்டும் அத்தகையதே.

கட்டடப் பொருளும் நிலத்திலிருந்தே வந்தது. குன்றின் சுண்ணக்கல்லே சுவர். மெல்லிய பலகைகளாகப் பிளந்த கல்லே கூரை. கூரையின் இறப்பில் பெரிய கற்களும், மேலேறுந்தோறும் சிறிய கற்களுமாக அவற்றை அடுக்குவது இப்பகுதிக் கொத்தர்களின் முறை. கெல்ம்ஸ்கொட்டில் வேலிகள்கூட நட்டு நிறுத்திய கற்பலகைகளாக இருப்பதைக் காணலாம்.

நிர்வாக எல்லைகளும் கவனத்திற்குரியன. லெச்லேட் குளொஸ்டர்ஷயரைச் சேர்ந்தது. கெல்ம்ஸ்கொட் ஒக்ஸ்போட்ஷயரைச் சேர்ந்தது. அதற்கு எதிரேயுள்ள தென்கரை 1974 வரை பாக்ஷயராக இருந்தது. லெச்லேட்டுக்குச் சற்று மேலே அமைந்த இங்கிள்ஷம் வில்ற்ஷயருக்கு உரியது. நான்கு மாவட்டங்களின் விளிம்புகள் சந்திக்கும் இடம் எந்த மாவட்டத்திற்கும் மையமாக இருப்பதில்லை. ஆயினும் விளிம்பு என்பது வரலாற்றுக்கு வெளியே இருப்பது என்று பொருள்படாது.

3

லெச்லேட்டின் வாழ்வு ஆற்றின் வாழ்வே. 13ஆம் நூற்றாண்டிலேயே இங்கு புனித யோவான் பெயரால் கற்பாலமொன்று அமைந்தது. அதன் பராமரிப்பு அயலிலிருந்த மதநிறுவனத்தின் பொறுப்பில் இருந்தது. கொட்ஸ்வோல்ட் ஆட்டுமயிர் வணிகம் உச்சநிலை பெற்ற 15ஆம் நூற்றாண்டில், அவ்வணிகத்தின் செல்வத்தால் புனித லோறன்ஸ் தேவாலயம் புதுக்கிக் கட்டப்பட்டது. பின்னர் குளொஸ்டர்ஷயரின் பாற்கட்டி வண்டிகளில் வந்து லெச்லேட்டின் துறைகளில் இறங்கி, படகேறி இலண்டனை அடைந்தது. நாட்டுப்புற உற்பத்தி தலைநகரச் சந்தையோடு பிணையும் வாயில்களில் ஒன்றாக இப்பட்டினம் விளங்கியது.

கைத்தொழிற் புரட்சிக் காலம் இப்பிணைப்பை மேலும் இறுக்கியது. தேம்ஸையும் மேற்கே செவேர்ண் நதியையும் இணைக்கும் கால்வாய் 1789இல் திறக்கப்பட்டு, லெச்லேட்டின் மேற்புறத்தே இங்கிள்ஷமில் ஆற்றுடன் சேர்ந்தது. அடுத்த ஆண்டில் புனித யோவான் நீரடைப்பும், 1792இல் பட்டினத்தின் தென்முனையில் புதிய பாலமும் அமைந்தன. பாலத்தைக் கடக்க நடந்துசெல்வோர் அரைப்பென்னி செலுத்த வேண்டியிருந்தமையால் அது இன்றும் 'அரைப்பென்னிப் பாலம்' என்றே வழங்குகின்றது. மூன்றே ஆண்டுகளில் இத்தனை கட்டுமானங்கள் எழுந்தன. இதனை ஆற்றின் இயல்பான வளர்ச்சி என்று கூறவியலாது. மூலதனம் ஆற்றைத் தன் தேவைக்கேற்பத் திருத்திக்கொண்ட நிகழ்ச்சி அது.

ஆங்கில இலக்கிய வரலாற்றாசிரியர் லெச்லேட்டை நினைவுகூர்வது பெரும்பாலும் ஷெல்லியின் பொருட்டேயாகும். 1815ஆம் ஆண்டுக் கோடையின் இறுதியில், பீக்கொக் முதலிய நண்பர்களுடன் படகில் வந்த ஷெல்லி, இப்பட்டினத்தின் தேவாலய முற்றத்தைப் பொருளாகக் கொண்டு கவிதையொன்றை இயற்றினார். அப்பயணம் இங்கு முடிவடைந்தது ஏன் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கால்வாய் வழியாக மேற்கே செல்ல அவர்கள் எண்ணியிருந்தனர். கால்வாய்க் கம்பனி கேட்ட 20 பவுண் கட்டணம் அவர்களால் இயலாததாயிற்று. மேலே ஆற்றிற் செல்ல முயன்றபோது நீர்க்களைகள் தடுத்தன. கவிஞர் தேவாலயத்து அந்தியமைதியிற் கண்ட சாந்தியை நாம் மறுக்கவில்லை. ஆயின் அவ்வமைதிக்குச் சிறிது தூரத்திலேயே சுங்கம் வசூலிக்கும் கால்வாய் வாயிலும் இருந்தது.

1873இல் புகையிரதப் பாதை லெச்லேட்டை எட்டியது. ஏற்கெனவே தளர்ந்திருந்த கால்வாய் வணிகம் அதன்பின் நிமிரவில்லை. 1927இல் கால்வாயின் கிழக்குப் பகுதி கைவிடப்பட்டது. கால்வாயை வீழ்த்திய புகையிரதப் பாதையும் 1962இல் மூடப்பட்டது. முதலாளித்துவம் ஒரு போக்குவரத்து முறையை உருவாக்கி, அதனைப் பிறிதொன்றால் அழித்து, அதனையும் கைவிட்டுச் சென்றது. எஞ்சியது இன்று உல்லாசப் பிரயாணிகள் வியக்கும் அமைதி.

புனித யோவான் நீரடைப்பின் அருகே 'தேம்ஸ் தந்தை'யின் சிலையொன்று சாய்ந்திருக்கின்றது. இலண்டன் சிடன்ஹாமில் 1854இல் திறக்கப்பட்ட பளிங்கு மாளிகைக்காக இத்தாலியச் சிற்பி மொன்ற்ரி வடித்த அச்சிலை, பின்னர் ஆற்றின் ஊற்றுமூலத்தில் வைக்கப்பட்டு, 1974இல் இங்கு கொணரப்பட்டது. நதித் தெய்வத்தைச் சூழப் பீப்பாய்களும் சரக்குப் பொதிகளும் கிடக்கின்றன. விக்டோரியாக் காலப் பூர்ஷ்வாக்கள் ஆற்றை எவ்வாறு கண்டனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

4

பட்டினம் சரக்கின் கதையாயின், கிராமம் நிலத்தின் கதை. மொறிஸ் குடியிருந்த வீடு கெல்ம்ஸ்கொட் மனோர் என அழைக்கப்படுகின்றது. மனோர் என்பது நிலப்பிரபுவின் மாளிகை. ஆனால் 1570ஆம் ஆண்டளவில் தோமஸ் ரேணர் என்னும் கமக்காரர் கட்டிய பண்ணை வீடே இது. 17ஆம் நூற்றாண்டில் வடகிழக்குப் பகுதி சேர்க்கப்பட்டது. ரேணர் குடும்பத்து வழித்தோன்றல் ஒருவர் 1864இல் மனோர் உரிமையை விலைக்கு வாங்கிய பின்னரே வீட்டிற்கு அப்பெயர் வாய்த்தது. நிலப்பிரபுத்துவத்தின் பெயரையே பணம் கொடுத்து வாங்கியது உயர்ந்து வந்த கமக்கார வர்க்கம். மூன்று நூற்றாண்டுக் கிராமிய வர்க்க மாற்றம் இவ்வொரு பெயரில் அடங்கியுள்ளது எனலாம்.

இம்மாற்றத்தின் மறுபக்கம் நிலமிழந்தோரின் வரலாறு. 1604க்கும் 1914க்கும் இடையில் ஆங்கிலப் பாராளுமன்றம் 5,200க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றிற்று. பொதுவயல்களும் மேய்ச்சல் நிலங்களும் தனியுடைமையாயின. சிறு உரிமைகளை நம்பி வாழ்ந்தோர் கூலிகளாயினர். 1830இல் பாக்ஷயரிலும் வில்ற்ஷயரிலும் கூலி விவசாயிகள் சூடடிக்கும் இயந்திரங்களை உடைத்துக் கிளர்ந்தெழுந்தனர். 1867இல் வெளிவந்த 'மூலதன'த்தின் முதற் பாகத்தில், விவசாயத் தொழிலாளரின் உறையுள் நிலையை மாவட்டம் மாவட்டமாக ஆராயும் மார்க்ஸ், இவ்விரு மாவட்டங்களையும் எடுத்துக்காட்டுகிறார். இம்மாவட்டங்கள் லெச்லேட்டுப் பாலத்துக்கு அப்பால் தொடங்குவன என்பது மனங்கொள்ளத்தக்கது.

மொறிஸ் குத்தகைக்கு வந்த மறு ஆண்டில், 1872இல், ஜோசப் ஆர்ச்சின் தலைமையில் தேசிய விவசாயத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 1873இல், கெல்ம்ஸ்கொட்டுக்கு வடக்கே பதினைந்து மைலுக்குட்பட்ட அஸ்கொட் என்னும் கிராமத்தில் சங்கத்தவர் வேலைநிறுத்தம் செய்தபோது, மாற்றாட்களைத் தடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டின்பேரில் 16 பெண்கள் சிறையிலிடப்பட்டனர். தீர்ப்பளித்த நீதவான்கள் இருவரும் மதகுருமார். சிறை சென்றோருட் சிலர் கைக்குழந்தைகளையும் உடன்கொண்டு சென்றனர். ஆற்றங்கரைக் கிராமங்களின் 'அமைதி'க்குள்ளே இத்தகைய வர்க்கப் போராட்டம் நிகழ்ந்துகொண்டிருந்தது.

5

லெச்லேட்டிலிருந்து கெல்ம்ஸ்கொட்டுக்கு ஆற்று வழியே செல்வோர் இடையில் பஸ்கொட்டைக் கடத்தல் வேண்டும். மொறிஸ் பற்றிய நூல்கள் பொதுவாக விரைந்து கடந்துவிடும் இவ்விடத்தில் நாம் சிறிது தரிக்க வேண்டியுள்ளது.

அவுஸ்திரேலியாவில் பொன் வணிகத்தில் பொருளீட்டிய றொபேட் கம்பெல் என்பவர் 1859இல் பஸ்கொட் பெருந்தோட்டத்தை வாங்கினார். விவசாயத்தை ஆலைத் தொழிலைப் போல நடத்துவது அவர் நோக்கம். நீராவிக் கலப்பைகள் வந்தன. ஆற்றுநீரை மேலேற்றும் பொறிகள் வந்தன. ஆறு மைல் நீளமான சிறு இரும்புப் பாதை வயல்களுக்கிடையே இடப்பட்டது. சீனிக்கிழங்கிலிருந்து மதுசாரம் வடிக்கும் ஆலையொன்று ஆற்றிடைத் தீவிலே எழுந்தது. வடித்த சாராயம் பிரான்சுக்கு ஏற்றுமதியாயிற்று. அத்தீவு 'பிராந்தித் தீவு' எனப் பெயர்பெற்றது. அக்கால இங்கிலாந்தின் மிக இயந்திரமயமான பண்ணைகளில் ஒன்றாக இது கருதப்பட்டது. 1879இல் ஆலை மூடப்பட்டது. கம்பெல் பெருங் கடனுடன் 1887இல் மறைந்தார்.

எனவே மொறிஸ் கெல்ம்ஸ்கொட்டில் வாழ்ந்த முதல் எட்டாண்டுகளும், இரண்டொரு மைல் மேலே, எதிர்க்கரையில், கைத்தொழில் முதலாளித்துவம் முழுவீச்சில் இயங்கிக்கொண்டிருந்தது. அதன் வீழ்ச்சியும் தனிமனித விபத்தன்று. எழுபதுகளின் இறுதியில் அமெரிக்கப் புல்வெளிகளின் தானியம் புகையிரதத்திலும் நீராவிக் கப்பலிலும் வந்து இங்கிலாந்துச் சந்தையை நிறைத்தது. 1877இல் குவாட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 56 சிலிங்காக இருந்த கோதுமை விலை 1894இல் 23 சிலிங்குக்கும் கீழிறங்கியது. உழவு நிலம் புற்றரையாகத் திரும்பியது. இளைஞர் நகரங்களுக்குச் சென்றனர். கட்டடங்கள் புதுக்கப்படாது பழையனவாகவே நின்றன. நகரத்தவர் கண்ட காலத்தால் தீண்டப்படாத கிராமம், உண்மையில் உலகச் சந்தையால் தீண்டப்பட்டுக் கைவிடப்பட்ட கிராமமாகும். இதுவே எமது கட்டுரையின் மையக் கருத்து.

பஸ்கொட்டின் பிற்காலம் வேறொரு முரணையும் காட்டுகின்றது. 1889இல் அதனை வாங்கிய நிதியாளர் அலெக்சாண்டர் ஹென்டர்சன், மொறிஸின் உற்ற நண்பராகிய பேர்ன்-ஜோன்ஸ் தீட்டிய 'காட்டுறோசா' ஓவியத் தொடரைத் தமது மாளிகையில் நிறுவினார். தூங்கும் இளவரசியும், அவளைச் சூழ்ந்து துயிலும் அரண்மனையும் அதன் பொருள். கைத்தொழிற் சமுதாயத்தின் அவலட்சணத்தை வெறுத்து எழுந்த கலை, அச்சமுதாயத்தின் இலாபத்தாலே வாங்கப்பட்டு, நிதியாளரின் மண்டபத்தை அலங்கரித்தது.

6

மொறிஸும் இம்முரணுக்கு விலக்கானவரல்லர். அவர் தந்தையின் செல்வம் டெவன்ஷயரின் செப்புச் சுரங்கப் பங்குகளில் வந்தது. ஆண்டுக்கு 60 பவுண் வாடகையில் அவரும் ஓவியர் றொசெற்றியும் இவ்வீட்டைக் கூட்டாக எடுத்தனர். 1874இல் றொசெற்றி நீங்கினார். தோட்டத்துப் பழங்களைத் திருடிய பறவைகள் 1883இல் 'ஸ்றோபெரித் திருடன்' என்ற துணியலங்காரமாயின. எவன்லோட், விண்ட்றஷ் முதலிய தேம்ஸின் கிளையாறுகள் அச்சுத்துணிகளுக்குப் பெயராயின. அத்துணிகளை வாங்க வல்லவர் செல்வரே என்பதை மொறிஸ் நன்குணர்ந்திருந்தார். அவ்வுணர்வும் அவரைச் சோஷலிசத்திற்கு இட்டுச்சென்ற காரணிகளுள் ஒன்று.

அவரது பழமைப் பற்றும் வெறும் இரசனையன்று. அயலிலுள்ள பேர்வோட் தேவாலயத்தைப் புதுப்பித்தல் என்ற பெயரில் சிதைப்பதை 1876இற் கண்டு வெகுண்ட அவர், அடுத்த ஆண்டில் புராதன கட்டடங்களின் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றார். இங்கிள்ஷமின் சிறிய தேவாலயம் பழைய கோலத்திலேயே எஞ்சியிருப்பதற்கு அவரது முயற்சியே காரணம். பழைய சுவரில் அவர் கண்டது பெயரறியாக் கொத்தனின் உழைப்பை. அவ்வுழைப்பு இன்னும் கூலிச்சரக்காக மாறியிராத காலத்தின் தடயத்தை.

இப்பின்னணியிலே நவீனத்தின் முடிவை மீண்டும் நோக்குவோம். புற்கொய்யும் விழாவுக்காக அலங்கரிக்கப்பட்ட தேவாலயத்தில் நண்பர்கள் கூடியிருக்கின்றனர். கதைசொல்லி வாசலில் நிற்க, அவர்களது கண்களுக்கு அவன் புலப்படாது போகிறான். துயருடன் வெளியே வரும் அவன் வழியில் ஒரு மனிதனைச் சந்திக்கிறான். கந்தலுடை, வளைந்த உடல், ஒளியிழந்த கண்கள். தோற்றத்தில் கிழவனாயினும் வயது ஐம்பதை அதிகம் தாண்டியிராதவன். அவன் பணிவுடன் தொப்பியைத் தொட்டு வணங்குகிறான். அதன்பின் இருள், ஹமர்ஸ்மித்தில் விழிப்பு.

அம்மனிதன் யார்? 1890ஆம் ஆண்டின் கெல்ம்ஸ்கொட்டுக் கூலி விவசாயி. ஆர்ச்சின் சங்கத்திற் சேர்ந்திருக்கக்கூடியவன். பஸ்கொட்டின் நீராவிக் கலப்பைக்குப் பின்னே நடந்திருக்கக்கூடியவன். எதிர்காலக் கிராமத்தின் வனப்பை முழுமையாக வரைந்த ஆசிரியர், நிகழ்காலக் கிராமத்துக்கு மீளும்போது முதலில் அவனையே நிறுத்துகிறார். பழமை வழிபாட்டாளன் இவனைக் கண்டிருக்கமாட்டான். கண்டாலும் நிலக்காட்சியின் ஓர் அங்கமாகவே கண்டிருப்பான். மொறிஸின் கிராமம் இழந்துபோன பொற்காலமாக அன்றி, இம்மனிதன் நிமிர்ந்து நடக்கும் நாள்வரை வராத எதிர்காலமாகவே அமைகின்றது. அதே நவீனத்தில் எலன் என்னும் பெண் பாத்திரம், தன் மக்கள் வரலாற்றைப் பற்றி அசட்டையாக இருப்பதனால் வென்றதை இழந்துவிடுவரோ என்று அஞ்சுவதும் இத்தொடர்பில் நினைவுகூரத்தக்கது.

குறைபாடும் உண்டு. விவசாயத் தொழிலாளியை மொறிஸ் கண்டார். அவனது சங்கத்தை நவீனத்தின் கிராமப் பகுதியிற் காணோம். புரட்சி இலண்டனில் நிகழ்கிறது. கிராமம் அதன் கனியைப் பெறுகிறது. அஸ்கொட்டின் பெண்கள் அக்கதையில் இடம்பெறவில்லை.

7

1896 ஒக்டோபரில் மொறிஸின் பூதவுடல் புகையிரதத்தில் லெச்லேட் நிலையத்தை வந்தடைந்து, அலரித்தழையும் கொடியிலைகளும் சுற்றிய பண்ணை வண்டியில் கெல்ம்ஸ்கொட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பட்டினத்துக்கும் கிராமத்துக்கும் இடைப்பட்ட அக்குறுகிய வழி அன்று இருவேறு யுகங்களை இணைத்தது. அவரது மனைவி ஜேன் 1913இல் வீட்டை விலைக்கு வாங்கினார். மகள் மே 1938இல் இறக்கும்வரை அங்கு வாழ்ந்தார். 1962 முதல் அது இலண்டன் தொல்பொருளாளர் சங்கத்தின் உடைமை. விரிவான திருத்த வேலைகளின் பின் 2022இல் மீண்டும் திறக்கப்பட்டது.

எமது நாட்டோடு இவ்வரலாற்றுக்கு ஒரு மெய்யான தொடர்பு உண்டு. மொறிஸ் 1891இல் ஹமர்ஸ்மித்தில் நிறுவிய அச்சகத்துக்குக் கெல்ம்ஸ்கொட்டின் பெயரையே இட்டார். அவ்வச்சகத்தின் பொறிகள் பின்னர் ஆஷ்பீ என்பவரின் கைத்தொழிற் குழுவிடம் சென்றன. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, லெச்லேட்டைப் போலவே குளொஸ்டர்ஷயரைச் சேர்ந்த புறோட் கம்டனில் வாழ்ந்தபோது, தமது 'மத்தியகாலச் சிங்களக் கலை' நூலை 1907, 1908ஆம் ஆண்டுகளில் அப்பொறியிலேயே அச்சிட்டார். கைவினைஞனின் மாண்பு பற்றிய மொறிஸின் போதனை அந்நூலில் ஒலிக்கின்றது. ஆனால் குமாரசுவாமி மரபையும் குலவழித் தொழிலையும் போற்றினார். தொப்பியைத் தொட்டு நின்ற கூலி விவசாயியின் விடுதலை அவரது அக்கறையாக அமையவில்லை. அச்சுப்பொறி கைமாறியது, வர்க்கப் பார்வை கைமாறவில்லை.

சுருங்கக் கூறின், எந்தக் கிராமத்தின் அழகும் இயற்கை தந்த கொடை மட்டுமன்று. அது உழைப்பின் படிவு. சந்தையின் வருகைக்கும் விலகலுக்கும் சாட்சி. இன்று கொட்ஸ்வோல்ட் பிரதேசமெங்கும் கூலி விவசாயிகளின் கற்குடில்கள் வசதிபடைத்தோரின் இல்லங்களாக மாறியுள்ளன. அவற்றைக் காண வருவோர் அமைதியைப் புகழ்கின்றனர். மண்வாசனை என்ற பெயரால் கிராமங்களைப் போற்றும் எமது விமரிசகர்களுக்கும் கெல்ம்ஸ்கொட் ஒரு பாடம் கற்பிக்கின்றது. வீட்டையும் ஆற்றையும் வியந்தபின், தேவாலய வாசலைத் தாண்டி வெளியே வந்து, வழியில் எதிர்ப்படும் மனிதனின் முகத்தையும் பார்த்தல் வேண்டும். அவன் எவருடைய நிலத்தில் உழுதான், எவ்வளவு கூலி பெற்றான், அவன் பிள்ளைகள் எங்கு சென்றனர் என்று கேட்கும்போதே ஊரின் வரலாறு தொடங்குகின்றது.